மாமா செய்த பலகை

எங்கள் மாமாவுக்குத் தோட்டத்தில் சாயம் அடிக்கிற வேலை. மற்றவர்கள் விடியுமுன்பே பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று பேர் கொடுத்துவிட்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்விடுவார்கள். மாமா மட்டும் வெயில் ஏறிய பிறகு, ஒரு கையில் சாய டின்னும் மறு கையில் பிரசுமாகக் கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி கிளம்புவார். பால் வெட்டத் தயாரான மரங்களுக்கு வெள்ளை வளையம் போடுவது, நோய் கண்ட மரத்துக்குச் சிவப்புப் பொட்டு வைப்பது, ஆபீஸ் வாசல் கற்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பது, நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக் கதவுகளுக்குத் தார் பூசுவது எல்லாம் அவர் பொறுப்பு. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்கும் வெள்ளைக்காரனுக்கும் சண்டை மூண்டு அவசரகாலம் வந்த பிறகு அவருக்கு வேலை கூடிப்போனது. துரை தன் காருக்குச் சுற்றிலும் இரும்புத் தகடு அடித்துக்கொண்டார். அதற்குச் சாம்பல் நிறம் பூசியவர் மாமாதான். அதற்கப்புறம் அந்தக் கார் வந்தால் ஒரு அலமாரி உருண்டு வருவது போலிருக்கும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்களுக்கு அடுத்த கதவு அவருடையது. நடுவில் ஒரே பலகைச் சுவர். அத்தை அடுப்பில் சட்டியை வைத்தால் எங்கள் வீட்டில் சத்தம் கேட்கும். அத்தை மாமாவைத் திட்டினால் அதுவும் கேட்கும். அம்மா தன் தம்பிக்காகப் பேச வாயெடுப்பாள். அப்பா கையைக் காட்டி அடக்கிவிடுவார்.

வேலை முடிந்தால் டின்னின் அடியில் ஒட்டியிருக்கிற சாயத்தை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி ஸ்டோரில் வைக்கவேண்டும். மாமா கழுவ மாட்டார். அந்த மிச்சத்தை வழித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். பெட்டிப் பலகை, டின் மூடி, கிழிந்த சாக்கு, எது கிடைத்தாலும் அதில் பூசுவார். வெறும் பூச்சு மட்டும் இல்லை, கூடவே எதையாவது ஒட்டுவார். மரத்தில் பால் பிடிக்கிற பீங்கான் மங்கு உடைந்தால் அந்தச் சில்லு, காக்கா என்று நாங்கள் கூப்பிடுகிற முஸ்லிம்காரர் கடை வாசலில் கிடக்கும் சோடா மூடி, சிகரெட் பெட்டிக்குள் இருக்கிற வெள்ளித்தாள், ரப்பர் கொட்டையின் ஓடு, கோழி இறகு. பசைக்கு அவர் எங்கேயும் போகவேண்டியதில்லை. மங்கில் மிஞ்சிய ரப்பர் பாலை விரலால் தடவி ஒட்டிவிட்டால் பிறகு அதைப் பிய்த்தெடுக்க ஆள் வேண்டும்.

இவ்வளவும் செய்து முடித்தால், அது எதைப் போலவும் இருக்காது.

அவருக்கு வரையத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்துச் சுவரில் வாத்தியார் கேட்டுக்கொண்டதற்காக ஒரு கிளி வரைந்து கொடுத்திருந்தார். அதன் மூக்கைத் தொட்டுப் பார்க்காத பிள்ளை கிடையாது. அப்படிப்பட்டவர் வீட்டில் மட்டும் ஏன் இப்படிச் செய்கிறார் என்பதுதான் லயத்துக்கே புரியவில்லை. தெரியாதவன் செய்தால் பாவம் என்று விட்டுவிடலாம். தெரிந்தவன் செய்தால் கோபம் வரத்தானே செய்யும்.

ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் சாயங்காலத்தில் வெற்றிலையை மென்றுகொண்டு வருவார். தோட்டத்து மாரியம்மன் கோவிலில் பூசை செய்கிறவரும் அவர்தான். காலையில் ஆட்களை விரட்டுகிற அதே குரலில்தான் மந்திரமும் சொல்வார். மாமாவின் வாசலில் நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார்.

“என்னப்பா இது, கோழி மேல லோரி ஏறிருச்சா?”

“உங்களுக்கு அப்படித் தெரிஞ்சா அப்படித்தான் மண்டோரே.”

“கோழியாவது எங்களுக்குக் குடுத்திருக்கலாம்லா,” என்று சொல்லிவிட்டு மண்டோர் எச்சிலைத் துப்பிக்கொண்டு போய்விடுவார்.

அப்பாவுக்கு இதில் சிரிப்பு வராது. அவர் பயந்த மனிதர். சாயம் கம்பெனிச் சாயம், ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் கேட்பார்கள் என்று அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். அத்தைக்கு வேறு கவலை. இருக்கிறது ஒரே அறை. அதில் மனிதர் படுப்பதா, பலகை படுப்பதா என்று கேட்பாள். அதிலும் அவள் மாசமாக ஆன பிறகு அந்தக் கேள்வியை நாளுக்கு நாள் சத்தமாகக் கேட்க ஆரம்பித்தாள்.

எனக்கோ அது என்னவென்று தெரியாமல் சோறு இறங்காது. வெளியாட்களைக் கண்டால் நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய்விடுவேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பேர் கேட்டால்கூட எனக்குக் குரல் வராது. மாமாவிடம் மட்டும் பயமில்லை. அவர் முன்னால் குந்திக்கொண்டு, “இது என்ன மாமா?” என்பேன்.

“நீதான் சொல்லேன் பாப்பா.”

“ஆமையா?”

“ஆமைன்னா தலை எங்க?”

“அப்ப சட்டியா?”

“சட்டிக்கு ஏன் இறகு?”

நான் யோசித்து முடிப்பதற்குள் பலகையைத் தலைகீழாகத் திருப்பிவிட்டு, “இப்ப?” என்பார். அவ்வளவு நேரம் ஆமையாக இருக்கலாம் என்று நான் வைத்திருந்தது அப்போது ஆமையாக இருக்காது. அழுகை வருகிற மாதிரி இருக்கும், சிரிப்பும் வரும். எப்படியும் ஒரு நாள் அவர் வாயிலிருந்து பதிலை வாங்கிவிடுவது என்று நினைத்துக்கொண்டே எழுந்துபோவேன். அவரிடம் பதில் இருக்கிறது, விளையாட்டுக்கு ஒளித்துவைத்திருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிறகு ஒரு நாள் லோரி லோரியாக முள்கம்பி வந்து இறங்கியது.

அதுவரைக்கும் எங்கள் லயங்கள் தோட்டத்துக்குள் அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சமாக இருந்தன. காட்டோரத்தில் இருந்தவற்றைப் பிரித்தெடுத்து, எல்லாரையும் ஆபீஸைச் சுற்றிக் கொண்டுவந்து குடிவைத்து, சுற்றிலும் வேலி போட்டார்கள். ஒரே ஒரு கேட். அதில் துப்பாக்கியோடு மலாய்ப் பையன்கள் நின்றார்கள். காலையில் வேலைக்குப் போகிறவர்களைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். பெண்களைத் தடவ ஒரு பெண் இருந்தாள். ஒரு பிடி சோறு வெளியே போகக்கூடாது. போனால் காட்டில் இருப்பவர்களுக்குப் போகிறது என்று அர்த்தம். அப்பாவும் அம்மாவும் வெறும் வயிற்றோடு மரம் வெட்டிவிட்டு, திரும்பி வந்துதான் சாப்பிடுவார்கள். எங்களுக்கு, பிள்ளைகளுக்கு, வேலி ஒரு புதுப் பொருள். அதில் உட்காருகிற குருவிக்கு முள் குத்தாதா என்று பார்த்துக்கொண்டிருப்போம்.

எங்கள் காட்டோர லயத்தைப் பிரித்தபோது ஆளுக்கொரு தகரம், விட்டம், ஆணி என்று எடுத்து வந்தார்கள். மாமா ஒரு கதவை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தார். புது வீட்டில்தான் கதவு இருக்கிறதே, இது எதற்கு என்று அத்தை கேட்டாள்.

“அதுக்கு வீடு இல்லாமப் போச்சு,” என்றார் மாமா. “பாவமா இருந்துச்சு.”

அந்தக் கதவில் அவர் செய்தது போல அதற்கு முன்னால் எதையும் செய்ததில்லை. வேலிக்குள் வந்த பிறகு சாயங்காலத்தில் போக இடமும் இல்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அது வளர்ந்தது. பழைய தார் மேல் நீலத்தை வழிய விட்டார். அது தானாக வளைந்து வளைந்து கீழே ஓடியது. அதன் இரண்டு பக்கமும் மங்குச் சில்லுகளை வெள்ளை வெள்ளையாக வரிசை பிடித்து ஒட்டினார். ஓரிடத்தில் சோடா மூடிகள் ஒன்றின் பின் ஒன்றாக எங்கேயோ போயின. போய், வழி மறந்த மாதிரி நின்றுவிட்டன. சாக்குத் துணியைக் கசக்கி ஒரு மூலையில் மேடு மாதிரி வைத்தார். ஆகாய விமானம் மேலே பறந்து மஞ்சள் காகிதங்களைக் கொட்டிவிட்டுப் போகும், காட்டில் இருப்பவர்கள் சரணடைய வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அவற்றைப் பொறுக்கி மீன் மீனாக வெட்டி ஒட்டினார். எழுத்து சிலவற்றில் தலைகீழாக இருந்தது. வேலி கட்டினவர்கள் விட்டுப்போன முள்கம்பித் துண்டு ஒன்று கீழே கிடந்தது. சிவப்பாக ஒரு வட்டம் போட்டு, வளைந்து கிடந்த அந்தக் கம்பியை அதைச் சுற்றிப் பதித்தார்.

“இது என்ன மாமா?” என்று நான் தினமும் கேட்டேன். “இன்னும் எனக்கே தெரியல பாப்பா,” என்று அவர் சொன்னதை நான் நம்பவில்லை.

புது லயத்திலும் மாமா எங்களுக்கு அடுத்த வீடுதான். கதவு பெரியது என்பதால் அதை நடுச்சுவரில் சாய்த்து வைத்திருந்தார். அதாவது எங்கள் பக்கம் அப்பா முதுகு சாய்த்து உட்காருகிற இடத்துக்கு நேர் பின்னால்.

வேலிக்கு வெளியே ரப்பர் மரத்தடியில் இலையில் கட்டிய சோற்றுப் பொட்டலம் கிடந்ததாக யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலையில் கேட்டைத் திறக்கவில்லை. போலீஸ் லோரி வந்தது. எங்களை எல்லாம் பெரட்டுக் களத்தில் உட்காரவைத்துவிட்டு வீடு வீடாகப் புகுந்து தேடினார்கள். அரிசி டின்னைக் கவிழ்த்தார்கள், பாயை உதறினார்கள், கோழிக்கூட்டுக்குள் கைவிட்டார்கள். பொட்டலம் கட்டியது யார் என்பதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மாமா வீட்டிலிருந்து இரண்டு பேர் அந்தக் கதவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஆபீஸ் படியில் அதைச் சாய்த்து வைத்தார்கள். அதுவரை நான் அதை வீட்டு இருட்டில்தான் பார்த்திருக்கிறேன். காலை வெயில் நேராக விழுந்ததும் சில்லுகள் எல்லாம் ஒரேயடியாக மின்னின. நீலம் ஈரமாக இருப்பது போல் பளபளத்தது. கூட்டத்தில் எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பயந்துபோய் உட்கார்ந்திருந்தவர்கள்கூட, அது என்ன, அந்த மூலையில் இருப்பது என்ன என்று பக்கத்தில் இருப்பவரிடம் கிசுகிசுத்தார்கள். மாமா செய்த ஒன்றை அவ்வளவு பேர் சேர்ந்து பார்த்தது அன்றைக்குத்தான். மாமாவும் பார்த்தார். இரண்டு பக்கமும் துப்பாக்கிக்காரர்கள் நிற்க, தலையைச் சாய்த்து, ஏதோ ஒரு இடத்தில் இன்னும் கொஞ்சம் வெள்ளை வைத்திருக்கலாமோ என்று யோசிக்கிற முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

போலீஸ் துரை சின்ன வயசு. வெயிலில் காது சிவந்திருந்தது. ஆபீஸில் கணக்கெழுதுகிற எங்கள் கிராணிதான் அவர் சொல்வதைத் தமிழில் சொன்னார். இந்தப் பலகை என்ன என்று கேட்டார்கள்.

“ஒண்ணும் இல்லைங்க,” என்றார் மாமா.

நீலக்கோடு எதைக் குறிக்கிறது என்று கேட்டார்கள். நீலச் சாயம் கொஞ்சம் மிச்சம் இருந்தது என்றார். வெள்ளைச் சில்லுகள் ஏன் வரிசையாக இருக்கின்றன? அப்படி வைத்தால் நன்றாக இருந்தது. முள்கம்பி எங்கிருந்து வந்தது? கீழே கிடந்தது. சிவப்பு வட்டத்தைச் சுற்றி ஏன் கம்பி? அது ஏற்கனவே அப்படி வளைந்துதான் கிடந்தது. எல்லாம் உண்மை. நான் பக்கத்திலிருந்து பார்த்தவள், எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் போலீஸ் துரையின் காது இன்னும் கொஞ்சம் சிவந்தது. இவ்வளவு பாடுபட்டு ஒரு மனிதன் ஒன்றுமில்லாததைச் செய்வான் என்று யார்தான் நம்புவார்கள்?

கிராணிக்கு வியர்த்துவிட்டது. அவர் என் அம்மா உட்கார்ந்திருந்த பக்கமாக வந்து குனிந்து சொன்னார். ஆபீஸ் சுவரில் தோட்டத்து மேப் ஒன்று தொங்குகிறதாம். அதில் ஆறு நீலக்கோடு, மரங்கள் வரிசை வரிசையாகப் புள்ளி, வேலி சுற்றிலும் முள் போட்ட கோடு. “உன் தம்பி பலகையைப் பார்த்தா அதே மாதிரிதாம்மா இருக்கு. காட்டுக்காரனுக்கு வழி காட்டப் போட்டதுன்னு சொல்றாங்க.” சொல்லிவிட்டு மாமாவிடம் போய், “ஏதாவது ஒண்ணு சொல்லுய்யா. மாடுன்னு சொல்லு, மயில்னு சொல்லு. எதையாவது சொல்லித் தொலை,” என்று தமிழில் வேகமாகச் சொன்னார்.

மாமா அவரைப் பார்த்து, “இல்லாததை எப்படிங்கய்யா சொல்றது?” என்றார். எதிர்த்துப் பேசுகிற குரலே இல்லை. உண்மையாகவே அவருக்கு அது எப்படி என்று தெரியவில்லை.

சரி, மற்றவர்களைக் கேட்போம் என்று போலீஸ் துரை கூட்டத்தின் பக்கம் திரும்பினார். அதுதான் வினையாகப் போனது. எல்லாரும் மாமாவைக் காப்பாற்றத்தான் வாய் திறந்தார்கள். மண்டோர் எழுந்து, இது மயில் என்று அடித்துச் சொன்னார். தோகையைக்கூடக் கை நீட்டிக் காட்டினார். அவர் காட்டிய தோகையை ஒரு பால்வெட்டுக்காரர் சிலாங்கூர் ஆறு என்றார். இன்னொருவர் கப்பல் என்றார். தண்ணீர் தூக்குகிற அக்கா ஒருத்தி காவடி என்றாள். கிராணி வேறு வழியில்லாமல் ஆற்றையும் கப்பலையும் காவடியையும் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போனார். ஒரு பலகையைப் பற்றி இத்தனை பேர் இத்தனை பொய் சொன்னால், அது பெரிய விஷயமாகத்தானே இருக்கவேண்டும்?

கடைசியில் அப்பாவைக் கேட்டார்கள். பக்கத்து வீடு, சொந்த மச்சான்.

“நான் பார்த்ததே இல்லைங்க,” என்றார் அப்பா.

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா மண்ணைப் பார்த்தார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன்.

லோரியை ஸ்டார்ட் செய்தார்கள். அந்த லோரியில் கோலா சிலாங்கூருக்குப் போனவர்களில் சிலர் திரும்பி வந்ததில்லை. அங்கிருந்து கிள்ளான் பக்கம் துறைமுகத்துக்குக் கொண்டுபோய் இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிவிடுகிறார்கள் என்று பேச்சு. மாமா பிறந்தது சுங்கை சோ பக்கத்தில் ஒரு தோட்டத்தில். இந்தியாவைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, காக்கா கடைக்காரர் தன் ஊர்க் கடற்கரையைப் பற்றிச் சொல்லுகிற கதைகள் மட்டும்தான். அம்மா வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டாள். மாமாவின் கையைப் பிடித்து ஏறச் சொன்னார்கள்.

அப்போதுதான் அத்தையைக் காணோம் என்று கவனித்தோம்.

அவள் லயத்துப் பக்கமிருந்து வந்தாள். தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு, கையில் பித்தளைத் தட்டு. அதில் மஞ்சளும் குங்குமமும் சூடமும். நிறை மாசக்காரி நடந்து வருகிற வேகம் அது இல்லை. யாரையும் பார்க்கவில்லை. துப்பாக்கிக்காரர்கள் அவளைத் தடுக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் படியருகே போய்விட்டாள். மஞ்சளைக் குழைத்து அந்தக் கதவின் மேல் பக்கம் முழுக்கப் பூசினாள். குங்குமத்தை அள்ளிப் பெரிய பொட்டாக வைத்தாள். அது சரியாக அந்த முள்கம்பி வட்டத்துக்குள் உட்கார்ந்தது. சோடா மூடிகளுக்கு ஒவ்வொன்றாகச் சின்னப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். படுக்க இடமில்லை என்று தினமும் அதைத் திட்டியவள் அவள்தான்.

பிறகு சூடத்தைக் கொளுத்தித் தட்டைச் சுற்றினாள்.

சூடம் எரிந்தால் எங்கள் ஆட்களின் கை சும்மா இருக்காது. எங்கே, யாருக்கு என்று பார்க்கத் தோன்றாது. எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். தலைத்துண்டு இடுப்புக்கு இறங்கியது. கைகள் கூப்பின. கோழி மேல் லோரி என்று சொன்ன மண்டோர் முன்னால் வந்து, காலையில் ஆள் விரட்டுகிற குரலில் மந்திரம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பார்த்ததே இல்லை என்று சொன்ன அப்பா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கியிருந்தார். ஒரு கிழவி குலவையிட்டாள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அத்தை மண்ணில் கையூன்றி, வயிற்றுக்கு இடம் விட்டு, முடிந்த வரைக்கும் குனிந்து விழுந்து கும்பிட்டாள். “இது எங்க சாமி,” என்றாள். “எங்க சாமியைத் தொடாதீங்க.”

போலீஸ் துரை ஓரடி பின்னால் போனார். கிராணியிடம் ஏதோ கேட்டார். கிராணி பதில் சொன்னார். இங்கிலீஷில் என்ன சொன்னாரோ, நீளமாகச் சொன்னார். எதற்கோ வானத்தைக்கூடக் காட்டினார். போலீஸ் துரை கூட்டத்தைப் பார்த்தார், சூடத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். சாமி காரியத்தில் கை வைத்தால் தோட்டமே வேலைக்குப் போகாது என்று துரைமார்களுக்குத் தெரியும். ஆனால் செய்தவன் தன் வாயால் சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

“இது உன் சாமியான்னு கேக்குறாரு,” என்றார் கிராணி.

மாமா ஒரு கால் லோரிப் படியில், ஒரு கால் தரையில் நின்றார். அவர் கதவைப் பார்த்தார். நீலத்தின் மேல் மஞ்சள் வழிந்துகொண்டிருந்தது. காகித மீன்கள் குங்குமத்தில் ஊறிப்போயிருந்தன. பிறகு எழ முடியாமல் கையூன்றிக் கிடந்த அத்தையைப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் கூப்பிய கையை எடுக்காமல் அவரையே பார்த்தோம்.

“ஆமாங்க,” என்றார். “சாமிதான்.”

அவ்வளவு மெதுவான குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. அதையே கிராணி சத்தமாக இங்கிலீஷில் சொன்னார். மாமாவின் கையை விட்டுவிட்டார்கள். லோரி ஆளில்லாமல் திரும்பிப் போனது.

கதவு மறுபடி வீட்டுக்குப் போகவில்லை. பிள்ளை பிறக்கப்போகிற வீடு, தீட்டு வீட்டில் சாமியை வைக்கலாமா என்று மண்டோர் கேட்டார். போலீஸ் மறுபடி வந்து பார்த்தால் சாமி பாயோரத்தில் சாய்ந்து கிடந்தால் நன்றாகவா இருக்கும் என்று கிராணியும் சொன்னார். அன்றைக்கே தப்பு அடித்துக்கொண்டு தூக்கிப்போய், கேட் பக்கத்துக் கோவிலில் மாரியம்மனுக்கு இடது பக்கம் நிறுத்திவிட்டார்கள். அத்தைக்குப் படுக்க இடம் கிடைத்தது. நல்லபடியாக ஒரு பெண் பிள்ளையையும் பெற்றாள்.

முதலில் எல்லாரும் போலீஸுக்குப் பயந்துதான் கும்பிட்டார்கள். கேட்டில் நிற்பவர்கள் பார்க்கும்படி நின்று பெரிதாகக் கும்பிடுவார்கள், திரும்பி வரும்போது ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். பிறகு ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியது. ஒருத்தியின் காணாமல் போன தோடு கிடைத்தது. சிரிப்பு நின்றுபோனது. பலகையம்மா என்று பேரும் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை எண்ணெய் விளக்கு, சேலைத் துண்டு, எலுமிச்சம்பழ மாலை. அடுத்த திருவிழாவுக்கு வேறு தோட்டத்திலிருந்துகூட ஆட்கள் பாஸ் வாங்கிக்கொண்டு கும்பிட வந்தார்கள். காட்டில் இருப்பவர்களிடமிருந்தும் வெள்ளைக்காரனிடமிருந்தும் எங்களைக் காப்பாற்றிய அம்மன் என்று மண்டோர் அவர்களிடம் கதை சொன்னார். அதில் மாமா கதவைச் செய்த இடமே வரவில்லை. கதவு தானாக வந்திருந்தது.

மாமா சாய டின்களைச் சுத்தமாகக் கழுவி ஸ்டோரில் வைக்க ஆரம்பித்தார். அப்பாவுக்கு நிம்மதி. பிள்ளை வந்ததும் தம்பிக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அம்மா சொன்னாள்.

எனக்கு அதைவிடச் சந்தோஷம். அத்தனை நாளாக நான் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதே. இருந்தாலும் அவர் வாயால் எனக்கென்று ஒரு முறை கேட்கவேண்டும் என்று ஆசை. ஒரு நாள் அவர் பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டிருந்தபோது, “அது சாமிதானே மாமா?” என்று கேட்டேன்.

நீதான் சொல்லேன் என்று சொல்லுவார், தலைகீழாகத் திருப்பு என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன்.

“ஆமா பாப்பா. சாமிதான்,” என்றார். தொட்டிலை ஆட்டுவதை நிறுத்தவே இல்லை.

எவ்வளவு சுலபமான பதில், இதற்கா இத்தனை நாள் காக்கவைத்தார் என்று நினைத்தேன். ஓடிப்போய்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரிடமும் சொன்னேன். அவ்வளவு பேரிடம் நானாகப் போய்ப் பேசியது அதுதான் முதல் தடவை.

திருவிழா முடிந்து சில நாள் கழித்து, ஒரு மத்தியானம் அம்மா கோவிலுக்கு எண்ணெய் கொடுத்தனுப்பினாள். உள்ளே யாரும் இல்லை, மாமா மட்டும் பலகையம்மாவின் முன்னால் நின்றிருந்தார். கும்பிடுகிறார் என்று நினைத்து நான் வாசலிலேயே நின்றேன். எண்ணெயும் சூடப் புகையும் ஏறி அம்மன் கறுப்பாகியிருந்தாள். சேலைத் துண்டுக்கும் மாலைக்கும் நடுவில் கொஞ்சம்தான் தெரியும். மாமா மாலையை ஓரமாக ஒதுக்கிவிட்டு, தலையைச் சாய்த்து, கீழ் மூலையில் ஒரு இடத்தை விரல் நகத்தால் மெல்லச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

நான் எண்ணெயோடு உள்ளே ஓடினேன்.

“மாமா, சாமியைச் சுரண்டாதீங்க. கண்ணு அவிஞ்சிரும்.”

மாமா சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு மாலையைப் பழையபடி இழுத்துவிட்டு, இரண்டு கன்னத்திலும் மெதுவாகப் போட்டுக்கொண்டார்.

பெரியவர் ஒருவர் என் பேச்சுக்குக் கட்டுப்பட்டதில் எனக்கு ஒரே பெருமை. என்னைத் தாண்டி அவர் வெளியே போகும்போது அவர் நகக்கண்ணில் கொஞ்சம் நீலம் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். எதைக் கண்டாலும் இது என்ன என்று கேட்கிற நான், அதைக் கேட்கவில்லை. விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போய்விட்டேன்.